கால்படாத இடம்

முதலில் அந்த டைப் மிஷினின் மூடியைப் போட்டுவிடச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறது. ரோட்டில் ஒரு பஞ்சு வண்டி போனால் போதும், புழுதியும் பஞ்சுத் தூளும் நேரே அதன் வயிற்றுக்குள் போய்விடும். தடயப் பொருளாக இருக்கட்டும். அதற்காக அது சீரழிய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே. இல்லை ஏட்டையா, அப்படி அழுத்தக் கூடாது. இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து விடுங்கள், தானாகப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். நன்றி.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் வாக்குமூலத்தை அந்த மிஷினிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. சரி, ஏட்டையாவே எழுதட்டும். தாளைப் புரட்டுவதற்கு முன்னால் விரலை நாக்கில் வைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்லப்போவது அந்தத் தாளில் இருக்கப்போகிறது. அதன் ஓரத்தில் ஒருவருடைய எச்சில் காய்ந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பேச்சு வராது.

என் பெயர் தவசி. குடியிருப்பது அல்லிநகரம். தேனிச் சந்தைக்குப் போகிற வழியில் ஓர் அறை எடுத்து, டைப் அடித்துப் பிழைக்கிறேன். மனு, நோட்டீசு, கமிட்டிக்கு விண்ணப்பம், கலியாணப் பத்திரிகைக்கு நகல், எல்லாம் தமிழில். இங்கிலீஷ் மிஷின் பெரியகுளத்தில் வக்கீல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. தமிழ் மிஷின், அதுவும் பெட்டியில் வைத்துக் கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிச் சின்னது, இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் செய்தது. யுத்தம் வருவதற்கு முன்னால் மதராசிலிருந்து வரவழைத்தேன். இனிமேல் அப்படி ஒன்று கண்ணில் படாது.

அதனால் உங்கள் சந்தேகம் என் மேல் விழுந்ததில் எனக்கு வருத்தமில்லை. விஜயதசமி சாயங்காலம் சந்தைச் சுவரிலும் பஸ் நிற்கிற இடத்திலும் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று நோட்டீசு ஒட்டியிருந்தது. தமிழில் டைப் அடித்தது. தமிழ் மிஷின் வைத்திருப்பவன் நான். அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் என் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சூசைமுத்து வந்து தட்டியபோது, “உள்ள வேலை நடக்குது, பெறகு வாங்க” என்று நான் சொன்னேன். அவர் அதை அப்படியே உங்களிடம் சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கொல்லையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை படிந்த துணிகளை உங்கள் ஆட்கள் எடுத்தார்கள். மிஷினைத் திறந்தால் ஸ்பிரிட் வாடை. ஆகவே, கதவைச் சாத்திக்கொண்டு நோட்டீசு அடித்தேன், பிறகு தடயம் தெரியாமல் மிஷினைக் கழுவிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அந்த நோட்டீசை எடுத்து ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். ‘ன’வின் சுழி மையில் முங்கிக் கிடக்கிறது. ‘ஒ’வுக்கு உள்ளே கறுப்பாக அடைத்திருக்கிறது. பல மாசமாகப் பிரஷ் படாத மிஷின் அது. அதை வைத்திருப்பவன் காலையில் பல்லாவது விளக்குகிறானா என்பது எனக்குச் சந்தேகம். என் மிஷினில் ஒரு வரி அடித்துப் பாருங்கள், ஊசியால் எழுதினது போல விழும். “கழுவின பிறகு அப்படித்தானே விழும்” என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நோட்டீசுக் கேசில் எனக்குச் சில வருஷம் ஜெயில் கிடைக்கும் என்றீர்கள். அதைப் பற்றிக் கவலையில்லை. மிஷினைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது ஏதாவது ஓர் ஆபீசு மூலைக்குப் போகும். வெற்றிலை போட்ட ஒரு குமாஸ்தா சுண்ணாம்பு விரலால் அதைத் தொடுவான். அதன் மேல் தும்முவான். டீத் தம்ளரை அதன் தலையில் வைப்பான். இது நடக்கக் கூடாது. அதனால் அந்த இரண்டு நாளும் என் வீட்டுக்குள் என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மாஜிஸ்டிரேட் முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

எங்கள் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் மாட்டுத் தரகர். தேவதானப்பட்டி, கம்பம், எந்தச் சந்தையானாலும் துண்டை மேலே போட்டு அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். பல் பார்ப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. எவ்வளவு முரட்டு மாடும் அவர் கையில் வாயைத் திறந்துவிடும். மாட்டுக்குக் கடைவாய்க்கு முன்னால் பல் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே கட்டைவிரலை விட்டு அழுத்தினால் அதற்கு வேறு வழியில்லை. “பலம் வேணாம்டா, எடம் தெரிஞ்சாப் போதும்” என்பார். சீக்கு மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டும்போதும் அதே வித்தைதான். பல்லைப் பார்த்து முடித்ததும், நுரையும் எச்சிலும் வழிகிற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் எனக்குப் பணியாரம் பிட்டுக் கொடுப்பார். சாப்பிடாவிட்டால் முதுகில் விழும். நான் சாப்பிடுவேன். பிறகு சந்தைக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் வாந்தி எடுப்பேன். சின்ன வயசைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

மனிதர்கள் அசிங்கமானவர்கள், ஐயா. நீங்கள் போலீசில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனுக் கொடுக்க வருகிறவன் மேசை மேல் கவிழ்ந்துதான் பேசுவான். அவன் வாயிலிருந்து புகையிலையும் ராத்திரிக் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்து வரும். சொல்கிற ஒவ்வொரு பொய்யோடும் ஒரு துளி எச்சில் தெறிக்கும். அதனால் என் அறையில் குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொல்ல வேண்டும். நான் சாதி பார்க்கிறேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிடையாது. கூலிக்காரனையும் அங்கேதான் நிறுத்தினேன், ஏலக்காய் எஸ்டேட் முதலாளியையும் அங்கேதான் நிறுத்தினேன். இந்தத் தாலுகாவில் என்னைப் போல எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தவன் வேறு யாரும் இருக்க மாட்டான்.

மிஷின் அப்படி இல்லை. அதற்கு வியர்க்காது. அது கொட்டாவி விடாது. புள்ளி வைக்கிற கட்டையைத் தட்டினால், காகிதத்தைச் சுமக்கிற வண்டி நகராமல் காத்துக்கொண்டு நிற்கும். அடுத்த எழுத்தைத் தட்டினால் அது சரியாகப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். இவ்வளவு அடக்கமான பிறவியை நான் மனிதர்களில் பார்த்ததில்லை. தினமும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்து, மெல்லிய பிரஷால் தட்டி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மூடிவைப்பேன். என் விரல் நுனியைத் தவிர வேறு எதுவும் அதைத் தொட்டது கிடையாது. அந்த விரலும் சோப்புப் போட்டுக் கழுவின விரல்.

பஞ்சம்மாள் என் பெண்சாதி. தேவதானப்பட்டிக்காரி. நல்லவள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. அவளிடம் இருந்த தப்பெல்லாம் உடம்போடு வந்தவை. வேர்த்து வழிவாள். தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பாள், அது தலையணை, சுவர், கதவு நிலை என்று அவள் சாய்ந்த இடமெல்லாம் படியும். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, அதே விரலை உப்புச் சாடியில் விடுவாள். நான் சண்டை போடவில்லை. எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய், தனி உப்பு என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு பெண் குழந்தையும் இருந்தது. வீடெல்லாம் புளித்த பால் வாடை. பல் முளைக்கிற நேரத்தில், இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மலைக்காய்ச்சல் வந்ததே, அதில் போய்விட்டது. பஞ்சம்மாள் ரொம்ப நாள் அழுதாள். அழுகிற சத்தத்தைத் தவிர்த்துப் பார்த்தால், அதன் பிறகு வீடு சுத்தமாக இருந்தது என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

மிஷினைத் தொடக் கூடாது என்று அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். தொட மாட்டாள். நான் வீட்டில் அடிக்கும்போது கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு பார்ப்பாள். “அவுக மிஷின் அடிச்சா ஓட்டு மேல மழை பேயிற மாதிரி இருக்கும்க்கா” என்று ஒரு நாள் சூசைமுத்து சம்சாரம் வியாகுலமேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு நான் மிஷின் பெட்டியைத் திறக்க மாட்டேன். மூடின பெட்டி மேல் ஒரு பூவை வைக்கச் சொல்லி, அதையும் உடனே எடுத்துவிட்டுத் துடைத்துவிடுவேன். “ஒவ்வொரு வீட்டுல அரிவாமணைக்குக்கூடப் பொட்டு வைக்கிறாக. நமக்குச் சோறு போடுறது இது. இதோட நெத்திய வெறுமையா வச்சிருக்கோம். அதான் நம்ம வீடு வெளங்க மாட்டேங்குது, பிள்ளையும் தங்கல” என்பாள். இதையெல்லாம் பேசிப் புரியவைக்க முடியாது. 

இந்த வருஷம் பூஜையன்று காலையில் அறையைக் கழுவிவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். மிஷினை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பெட்டியைப் பூட்டவில்லை. அது என் தவறு, அதை நான் மறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது நடுவீட்டில் மணை போட்டு, அதன் மேல் மிஷின் உட்கார்ந்திருந்தது. மூடி இல்லை. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஒன்றைக்கூட அவள் விடவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே எழுத்து அச்சுகள் விசிறி விரித்தது போலப் படுத்திருக்குமே, அதற்குள்ளும் விரலை விட்டு, ஒவ்வோர் அச்சின் நெற்றியிலும் வைத்திருந்தாள். காகிதம் சுற்றுகிற உருளையின் மேல் பொரியும் வெல்லமும். வெல்லம் இளகி ஓரமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எறும்பு வந்துவிட்டது. தண்ணீர் தெளித்திருக்கிறாள், மை நாடா நனைந்து சாயம் விட்டிருந்தது. புண் வந்த உடம்பு மாதிரி இருந்தது அது. 

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குளித்து, அவளிடம் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். “விடியக்காலையில இருந்து வச்சேங்க. ஒத்த விரலாலதான் வச்சேன். ஒண்ணுகூட விடல, பாருங்க” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, குழந்தை பிறந்த அன்றைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சந்தனம் காயாமல் இருக்க அந்த விரலை நடுவில் எதில் நனைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

நான் கத்தவில்லை. கத்துவது அசிங்கம். கை ஓங்கவும் இல்லை. சுண்டல் கொடுக்கிறேன், பொரி கொடுக்கிறேன் என்று அக்கம்பக்கத்தார் வருவார்கள் என்பதால் கதவைத் தாழிட்டேன். கை கழுவினேன். கீழே வெள்ளைத் துணியை விரித்தேன். எனாமல் கிண்ணத்தையும் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பாட்டில் மேல் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். பஞ்சம்மாளுக்கும் அது தெரியும்.

துணியை நனைத்துத் துடைப்பதும் கிண்ணத்தில் பிழிவதுமாக இருந்தேன். அவள் சுவரோரமாக உட்கார்ந்து, “தெரியாமச் செஞ்சுட்டேங்க, தெரியாமச் செஞ்சுட்டேங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கை முந்தானையில் சிந்தினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கிண்ணம் நிறைந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கலங்கல். பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கொட்டலாம் என்று எழுந்தேன்.

அவள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். “அங்கணத்துல ஊத்தாதீக. சாமிக்கு வச்ச சந்தனம்ங்க அது. கால்படுற எடத்துல ஊத்துனாக் குத்தம். இங்கன குடுங்க, கொல்லையில வேம்புக்கு அடியில ஊத்திட்டு வாரேன்” என்றாள். அவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தவள், இதற்கு மட்டும் பயப்படவில்லை. கிண்ணத்தைப் பிடித்தாள். அவள் விரல் என் விரல் மேல் பட்டது. ஈரமாக, கொழகொழவென்று இருந்தது.

“இது ஸ்பிரிட்டு” என்றேன்.

“இருக்கட்டும்ங்க. சாமி மேல பட்டு எறங்குனது. தீர்த்தம்தான்” என்றாள்.

“கோயில்ல தீர்த்தம் குடுத்தா என்ன செய்வாக?” என்று கேட்டேன்.

“குடிப்பாக” என்றாள்.

“அப்ப குடி” என்றேன்.

இதுதான் நடந்தது. அந்த வார்த்தை முதலில் அவள் வாயிலிருந்து வந்தது, என் வாயிலிருந்து வரவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் குடித்தாள். கால்படாத இடம் வேண்டும் என்றாள். அதைவிடக் கால்படாத இடம் எது இருக்கிறது? அழுக்கு அவளுடையது, அவளிடமே திரும்பிப் போயிற்று. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறதாக அப்போது எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அவளாகவே குடித்தாளா என்று கேட்கிறீர்கள். இருங்கள், அதற்கு வருகிறேன். முதலில் மிஷினை முடித்துவிடலாம்.

சந்தனம் சாதாரணமாகப் போய்விடாது. இடுக்கில் காய்ந்தால் கல் மாதிரி. மறுபடியும் ஸ்பிரிட் விட்டு ஊறவைக்க வேண்டும், மறுபடியும் பிழிய வேண்டும். கிண்ணம் மறுபடியும் நிறைந்தது. அங்கணத்தில் ஊற்றக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். ஆகவே நிறைந்தபோதெல்லாம் முதலில் செய்ததையே செய்ய வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அவளுக்கு வாந்தி. சாம்பலைப் போட்டு மூடினேன். அந்த வேலைக்காக எழுந்து கை கழுவ வேண்டியிருந்தது, நேரம் வீணாயிற்று. ராத்திரியைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, நான் தூங்கிவிட்டேன். மறுநாள் விஜயதசமி. வெயில் ஏறி, ஓட்டுக் கண்ணாடி வழியாக வெளிச்சம் நேரே மிஷின் மேல் விழுந்தது. நுணுக்கமான வேலைக்கு அருமையான வெளிச்சம். திருகாணிகளை எல்லாம் கழற்றி, வெள்ளைத் துணி மேல் வரிசையாக வைத்திருந்தேன். அப்போது அவள் பாயிலிருந்து, “ஏங்க, வெளக்கை ஏத்துங்க. ஒண்ணும் தெரியல” என்றாள்.

“பகல்ல எதுக்கு வெளக்கு” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “இருட்டா இருக்கேங்க” என்றாள். நான் அடுத்த திருகாணியை எடுத்துத் துடைத்தேன். பகல் என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் சூசைமுத்து வந்து தட்டினார். “என்ன தவசி, கதவு சாத்தியே கெடக்கு. பஞ்சம்மாளைக் கெணத்துப் பக்கமே காணோம்னு எங்க வீட்டுல கேக்குறா” என்றார். பஞ்சம்மாள் தலையைத் தூக்கி, “அண்ணே” என்றாள். சத்தம் கதவு வரைக்கும் போகவில்லை. “உள்ள வேலை நடக்குது, பெறகு வாங்க” என்றேன். அதில் என்ன பொய்? வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

கதவைத் திறந்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். பெரியகுளத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, சூசைமுத்துவிடம் வண்டி இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் திறந்தால் என்ன ஆகும்? சூசைமுத்து வருவார், அவர் சம்சாரம் வருவாள், தெருவே வரும். வயல் சேறும் மாட்டுச் சாணியும் மிதித்த கால்களோடு வருவார்கள். நடுவீட்டில் மிஷின் பிரிந்து கிடக்கிறது. கடுகளவு திருகாணிகள் துணி மேல் இருக்கின்றன. அந்தத் துணி மேல் ஒரு கால் பட்டால் எல்லாம் போச்சு, யுத்த காலத்தில் ஒன்று தொலைந்தால் வேறு வாங்க முடியாது. ஏட்டையா ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? இதுதான் முக்கியமான இடம். பூஜையன்றும் விஜயதசமியன்றும் என் மிஷின் தனித்தனியாகக் கழன்று கிடந்தது. கழன்று கிடக்கிற மிஷினில் நோட்டீசு அடிக்க முடியாது. அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பொழுது சாயும்போது எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். புது நாடா போட்டு ஒரு வரி அடித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, மணி மணியாக விழுந்தது. ஆசையாக இருந்தது. “பஞ்சம்மா, கேட்டியா” என்று கூப்பிட்டேன். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பதில் இல்லை. மிஷினை மூடி, பெட்டியில் வைத்து, உயரத்தில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கதவைத் திறந்து சூசைமுத்துவைக் கூப்பிட்டேன். காய்ச்சல் என்றேன். இந்த ஊரில் காய்ச்சல் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை.

வியாகுலமேரிதான் குளிப்பாட்டினாள். “வாயில என்னமோ மருந்து நாத்தம் அடிக்கிது” என்றாள். மருந்துதான் என்றேன். “வெரல்ல சந்தனம் ஒட்டியிருக்கு பாவி மகளுக்கு. இது இருக்கட்டும், நான் கழுவ மாட்டேன்” என்று சொல்லி அழுதாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அவளுக்கு எதற்கு அந்தச் சந்தனம் என்று தெரியவில்லை. தேவதானப்பட்டியிலிருந்து என் மைத்துனன் சின்னக்கருப்பு வந்தான். “எங்க அக்காவை ஒரு சொல்லுச் சொல்லாம வச்சிருந்தீகளே மச்சான்” என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவன் கண்ணீரும் மூக்குத் தண்ணீரும் என் சட்டையில் ஊறிற்று. அதைப் பொறுத்துக்கொண்டு நின்றதுதான் இது எல்லாவற்றிலும் நான் பட்ட பெரிய கஷ்டம். அந்தச் சட்டையை மறுநாள் எரித்துவிட்டேன்.

அவளை எரித்தாயிற்று, சாம்பலும் ஆற்றோடு போயிற்று. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவனோ ஓர் அழுக்கன் எங்கோ உட்கார்ந்து, அழுக்கு மிஷினில் நோட்டீசு அடித்து ஒட்டாமல் இருந்திருந்தால், இந்தக் கதையை நான் உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் துணிகளை மோந்து பாருங்கள், சந்தன வாசனை இன்னும் இருக்கும். மையைத் துடைத்த துணியாக இருந்தால் கறுப்பல்லவா இருக்க வேண்டும்? ஆகவே மிஷின் மேல் குற்றம் இல்லை. அதை விடுவித்துவிடலாம். யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதல் கிண்ணத்தை அவளாகத்தான் வாங்கினாள். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதட்டில் வைத்தாள். நாக்கில் பட்டதும் எரிந்திருக்கும் போலிருக்கிறது. “வேணாம்ங்க, இது வேணாம்” என்றாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

மனிதர்களுக்கும் அந்த இடம் இருக்கிறது, ஐயா. கடைசிப் பல்லுக்குப் பின்னால், கன்னத்தின் உட்பக்கம். எனக்குப் பலம் போதாது, நான் அப்பாவைப் போல வாட்டசாட்டமான ஆள் இல்லை. ஆனால் பலம் தேவைப்படவில்லை. அவர் சொன்னது சரிதான். கட்டைவிரலை விட்டு அழுத்தினேன், வாய் திறந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அப்படித்தான் திறந்தது.

என் விரல் முழுக்க அவள் எச்சில். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு கையையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் திரும்ப மிஷினிடம் வந்தேன். இதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. கழுவாத கையால் நான் அதைத் தொட்டதே இல்லை.